கேட்குமுன் அனுப்பியது

“தானியம் எங்க? தானியம் எங்கன்னு கேக்குறேன்!”

“கத்தாத. அண்ணி அனுப்பியாச்சு. நீ தின்னு தீத்துட்ட.”

“நான் தின்னேனா? என் குதிரைங்க தின்னுச்சு! சில பேர மாதிரி செவுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்திருந்தா தானியமே தேவைப்படாது!”

“செவுரு இல்லன்னா உன் குதிரைக்கு லாயம் ஏது, புல்லு ஏது?”

“அண்ணி, அந்த ஆள என்கிட்ட பேச வேணாம்னு சொல்லுங்க!”

“நான் உன்கிட்ட பேசவே இல்லையே. அண்ணிகிட்டதான பேசிட்டிருக்கேன்.”

நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “டீ போடட்டுமா?” என்றாள். இரண்டு பேரும் ஒரே குரலில், “போடுங்க” என்றார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் ஒத்துப்போவது அந்த ஒரு வார்த்தையில்தான்.

இரண்டாம் மாடியின் இந்தக் கச்சேரி தினமும் விளக்குப் போடும் நேரத்தில் தொடங்கும். மற்ற வீட்டுக்காரர்கள் கேட்காததுபோல் கேட்பார்கள். முதல் மாடியில் துணி தைக்கிற அம்மாளுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது; தையல் மிஷினை நிறுத்திவிட்டே கேட்பாள். ஆரம்பத்தில் அவள், மேலே இருப்பவர்கள் பதுக்கல் வியாபாரம் செய்கிறார்கள் என்றே நம்பினாள். “தங்கம் இன்னும் வரல”, “கல்லு ஒரு வண்டி அனுப்புங்க” என்றெல்லாம் காதில் விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? “மரம் வெட்ட ஆள் பத்தல” என்று ஒருநாள் கேட்டபிறகு வனத்துறைக்கே எழுதிப்போடலாமா என்று யோசித்ததாகக் கேள்வி. கடைசியில் ஊசி கடன் கேட்கிற சாக்கில் மேலே போய் எட்டிப்பார்த்தாள். கூடத்தில் வரிசையாக மூன்று கம்ப்யூட்டர், மூன்று முதுகுகள், திரையில் எறும்பளவு ஆட்கள் எறும்பளவு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். “கர்மமே, இதுக்கா இவ்வளவு கூப்பாடு!” என்று இறங்கி வந்தாள். ஆனால் அன்றிலிருந்து மிஷினை இன்னும் அதிக நேரம் நிறுத்தினாள். புரிந்த சண்டை புரியாத சண்டையைவிட ருசி.

வலதுபக்கம் உட்கார்கிறவன் கடைக்குட்டி. பல் லேப் ஒன்றில் பொய்ப்பல் செய்கிறவன். ஊராரின் வாயை ஒழுங்குபடுத்துகிறவனுக்குத் தன் வாயை அடக்கத் தெரியாது. இடதுபக்கம் அவனுடைய அண்ணன், மூன்று பிள்ளைகளில் நடுவுலவன். லிஃப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆள் மாமியாராக இருந்தாலும் இறக்கிவிட்டுத்தான் கதவை மூடுவான். நடுவில் அண்ணி, செத்துப்போன மூத்தவரின் பெண்டாட்டி. புருஷன் போனபிறகும் கல்யாணமாகாத இரண்டு கொழுந்தன்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாளே என்று வாயைக் கோணியவர்களும் உண்டு. கோணிய வாய்கள், இரண்டு கழுதைகளை மேய்க்கிறாள் பாவம் என்று நாளாவட்டத்தில் தாமாகவே நேராகிவிட்டன.

விளையாட்டு இதுதான். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். ஆளுக்கொரு கோட்டை, ஒரு பிடி வேலையாட்கள். மரம் வெட்டி, வயல் போட்டு, கல் உடைத்து, படை சேர்த்து எதிரியை இடித்துத் தள்ளவேண்டும். இரண்டு ஓரத்தில் இருப்பவர்கள் அடிப்பார்கள், அடிவாங்குவார்கள். நடுவில் பின்தங்கி இருப்பவரிடம் எதிரி சீக்கிரத்தில் வரமுடியாது. அதனால் அவருக்குச் சண்டை இல்லை, சம்சாரம். விளைவித்து, சேர்த்து, இரண்டு பக்கமும் அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஜெயித்தால் குதிரைக்காரனுக்குப் பேர். தோற்றால் நடுவில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேள்வி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நாற்காலி.

மூத்தவர் இருந்தவரை அது அவருடைய நாற்காலி. அவர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போனார். தம்பிகள் இரண்டு பேரும் கொஞ்சநாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிறகு முகம் தெரியாத ஒருவனை நெட்டில் பிடித்து நடுவில் போட்டுப் பார்த்தார்கள். அவன் மூன்று மொழியில் திட்டினானே தவிர ஒரு மூட்டை தானியம் அனுப்பவில்லை. அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்துவந்து, “நகரு, நான் பாக்குறேன்” என்று உட்கார்ந்தவள்தான். மூத்தவரின் கணக்கிலேயே விளையாடினாள். அதில் அவர் வைத்திருந்த பெயர் ‘பெரியவர்’. அண்ணி எதை அனுப்பினாலும் மூவர் திரையிலும் ஒரு வரி ஓடும்: ‘பெரியவர் தானியம் அனுப்பினார்.’ முதல் தடவை அது ஓடியபோது கடைக்குட்டி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வரவில்லை.

அவளுக்கு அந்த வேலை கைவந்ததில் அதிசயமில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் துணிக்கிடங்கு அவள் பொறுப்பு. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, ஆபரேஷன் அறைக்கு எத்தனை பச்சைத்துணி என்று காலையில் தள்ளுவண்டிகளை நிரப்பி அனுப்புவாள். “வார்டுலேர்ந்து போன் வந்துச்சுன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்” என்பாள். கேட்கவைத்துக் கொடுத்தால் அது உதவி இல்லை, பிச்சை என்பது அவள் சட்டம்.

திரையிலும் அப்படித்தான். நாலு சிப்பாய் சேர்ந்ததும் எல்லோருக்கும் ஆசை வந்து வேலையாள் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அவள் நிறுத்தமாட்டாள். சந்தையைக் கோட்டை வாசலில் கட்டாமல் கோடியில் கொண்டுபோய்க் கட்டுவாள். கூட்டாளியின் சந்தைக்கு வண்டி போகிற தூரம் கூடக்கூடத் தங்கமும் கூடும். அனுப்புகிற சரக்கில் வழியில் ஒரு பங்கு கழிந்துபோகும். அந்தக் கழிவை இல்லாமலாக்கும் வித்தையைப் படைக்கு முன்னால் வாங்கிவைப்பாள். தன் இருப்பைவிடத் தம்பிகளின் இருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைக்குட்டி லாயத்துக்கு அஸ்திவாரம் போட்டாலே தானியம் கிளம்பிவிடும். நடுவுலவன் கோபுரத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் யோசித்தாலே கல் வந்து நிற்கும். அவர்களோடு மோதிய அணிகள் மைக்கில், “அந்த அண்ணிய முதல்ல தூக்குங்கடா!” என்று அலறியது உண்டு.

அப்படி அலறியவர்களுக்கெல்லாம் அவர்கள் வீட்டுக்குள் இருந்த விரிசல் தெரியாது. தையற்கார அம்மாளுக்குத் தெரியும்.

கடைக்குட்டிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின்மேல் ஆசை. அவளுக்கும்தான். அவளுடைய அப்பா, வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தார். வந்த நேரம், வீட்டில் நடுவுலவன் மட்டும்தான் இருந்தான். பையன் எப்படி என்று கேட்டார். லிஃப்டைச் சோதித்துச் சான்று கொடுக்கிற மாதிரியே இவன் சொன்னான்: “நல்ல பையன் சார். சூதுவாது கிடையாது. கோவம் வந்தா மட்டும் வேலைய விட்டுட்டு வந்துடுவான். போன வருஷத்துல மூணு லேப் மாறிட்டான்.” சொன்னதில் பொய் ஒரு பொட்டு இல்லை. வாத்தியார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, “ஒரு வருஷம் போகட்டும், பாப்போம்” என்று எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து கடைக்குட்டிக்கு அண்ணன் ‘அந்த ஆளு’ ஆனான். வீட்டுக்குள் ஒருவர் வந்தால் ஒருவர் எழுந்துபோவார்கள். பேசுவது திரைக்கு முன்னால் மட்டும்தான், அதுவும் கூச்சலாக. ஆனால் விளையாட்டில் பேசாமல் இருக்கமுடியாதே! “இடதுபக்கம் வர்றாங்க”, “பின்வாங்கு”, “பாலத்த விடாத”. இந்த மாதிரி வார்த்தைகளாவது ஓடட்டும் என்றுதான் அண்ணி எத்தனை அலுப்பாக வந்தாலும் நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு விளையாட்டு, அவளுக்கு இரண்டு பேரையும் ஓர் அறையில் வைத்திருக்கிற கயிறு.

கயிறு போதவில்லை என்று தோன்றியபோது, அவள் இன்னொரு சரக்கையும் அனுப்பத் தொடங்கினாள். “உங்கண்ணன் உனக்காக ஹீட்டர் போட்டு வெச்சாருடா” என்பாள் கடைக்குட்டியிடம், போட்டது அவள். “தம்பி, உங்க சட்டைய அவன்தான் இஸ்திரி போட்டு மாட்டினான்” என்பாள் நடுவுலவனிடம், அதுவும் அவள். கொஞ்சநாள் சரக்கு செல்லுபடியானது. ஒருநாள் காலையில் ஹீட்டர் சமாசாரத்தைச் சொன்னபோது கடைக்குட்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

“அண்ணி, அவரு முந்தாநாளே வெளியூர் போயிட்டாரே. ஹீட்டர போன்லயே போட்டுட்டாரா?”

அண்ணி அசடு வழிந்தாள். அவனும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பொய் பிடிபட்டதைவிட, பிடித்தவன் சிரித்துவிட்டுப் போனதுதான் ஆபத்து என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. கடைக்குட்டி அதே லேபில் பல்லைக் கடித்துக்கொண்டு நிலைத்து நின்றான். வாத்தியார் இறங்கிவந்து தேதியும் குறித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவன் எங்கே குடியிருப்பான் என்பதுதான் அண்ணிக்கு இப்போது ஊணிலும் உறக்கத்திலும் ஒரே கவலை. பெண்ணின் அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். நடுவுலவனுக்கோ கம்பெனியின் வேறு ஊர்க் கிளையில் மேற்பார்வை வேலை காத்திருந்தது. அண்ணியின் திட்டம் வேறு: அதே இரண்டாம் மாடியில் எதிர்வீடு காலியாக இருந்தது. புதுத்தம்பதி அங்கே, இவர்கள் இங்கே. நடுவில் ஒரு படிக்கட்டு. இரண்டு கதவும் திறந்திருந்தால் ஒரே வீடு.

நடுவுலவனிடம் கேட்டாள். “அவன் என்னைய இருன்னு சொன்னா இருக்கேன் அண்ணி. வெளியூர் வேலைய வேணாம்னு சொல்லிடுறேன்.”

கடைக்குட்டியிடம் கேட்டாள். “எதிர்வீடு எனக்கும் சம்மதம்தான் அண்ணி. ஆனா என் கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளிப்போட்டவரு மூஞ்சில தினம் காலைல முழிக்கணுமே. ஒரு வார்த்தை சொல்லட்டும். செஞ்சது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை.”

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒருத்தனுக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் ஏற்க இன்னொருத்தனுக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போட்டி வந்தது. கடைத்தெருவில் இருந்த விளையாட்டு மையம் ஒன்று ஊரிலுள்ள அணிகளையெல்லாம் கூப்பிட்டிருந்தது. நம் மூவர் அணி வாரக்கணக்கில் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொருவராக வீழ்த்தி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அது மட்டும் நேரில், எல்லார் முன்னாலும். கடைக்குட்டி இரண்டு நாளாக விரலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கடைப் பெண்ணும் வாத்தியாரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமனார் முன்னால் ஒரு தடவையாவது கெட்டிக்காரனாகத் தெரியவேண்டும் என்று அவனுக்கு இருந்த வெறி, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

ஆட்டத்தன்று காலையில் அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நடுவுலவன் வந்து கழுவியதைத் துடைக்கத் தொடங்கினான். வழக்கமில்லாத வழக்கம்.

“என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?” என்றாள்.

அவன் ஒரு தட்டை மூன்று தடவை துடைத்தான். “அண்ணி, எனக்கு மன்னிப்பெல்லாம் கேக்கத் தெரியாது. ரெண்டு மூணு தடவை அவன் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன். வாய் வர மாட்டேங்குது.”

அவள் குழாயை மூடினாள்.

“இன்னிக்கு எதிர் டீம்காரனுங்க என் பக்கம்தான் மொத்தமா இறங்குவாங்க. எல்லா மேட்ச்சுலயும் செவுரு கட்டுறவன முதல்ல முடிக்கிறதுதான் அவனுங்க பழக்கம். இறங்கட்டும். அந்த நேரத்துல அவங்க வீடு காலியா கிடக்கும். நம்ம பையன் உள்ள பூந்துடுவான். நீங்க இருக்கறது அத்தனையும் அவனுக்கே அனுப்புங்க. எனக்கு ஒரு கல்லு கூட வேணாம்.”

“உங்க கோட்டை போயிடுமே தம்பி.”

“போகட்டும். அதுதான் வேணும். அவன் ஜெயிச்சிட்டு என் பக்கம் திரும்பிப் பாப்பான். அங்க சாம்பல்தான் இருக்கும். கேக்காம நின்னுட்டிருந்தான், எனக்காக எரிஞ்சான்னு அவனுக்குப் புரிஞ்சா போதும். அவன் மட்டிதான், ஆனா அது புரியாத மட்டி இல்ல.”

“நான் வேணா அவன்கிட்ட முன்கூட்டியே…”

“நீங்க சொல்லிடாதீங்க.” அவன் லேசாகச் சிரித்தான். “நீங்க சொன்னா நம்ப மாட்டான்.”

அண்ணி தலையாட்டினாள். அவன் போனபிறகு, துடைத்த தட்டையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள். சந்தோஷத்தில் அவளுக்கு என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை.

விளையாட்டு மையத்தில் காற்றுப்புக இடமில்லை. சுவரில் பெரிய திரை, எதிரே நாற்காலிகள். தையற்கார அம்மாள் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நம்ம பில்டிங் பசங்க” என்று பக்கத்திலிருந்த வாத்தியாரிடமே பெருமையடித்துக்கொண்டாள். இத்தனை நாள் ஓசியில் கேட்டதற்கு ஒரு மரியாதை.

ஆட்டம் நடுவுலவன் சொன்னபடியே போயிற்று. அண்ணி அன்றைக்கு ஆடியதுபோல் அதற்குமுன் ஆடியதில்லை. வயல்கள் பாய் விரித்ததுபோல் நிரம்பின. சந்தை வண்டிகள் சங்கிலியாகப் போய்வந்தன. பெரியவர் தானியம் அனுப்பினார், பெரியவர் தங்கம் அனுப்பினார் என்று வலதுபக்கமாகவே வரிகள் ஓடின. கடைக்குட்டி குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். அதே நேரம் எதிரிகள் மூவரும் ஒன்றாக இடதுபக்கம் இறங்கினார்கள்.

முதல் மதில் விழுந்தது. ஹெட்போனில் நடுவுலவன், “வந்துட்டாங்க” என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் பேசவில்லை.

“அண்ணி, கதவுகிட்ட நிக்குறேன்!” கடைக்குட்டியின் குரல் கீச்சிட்டது. “உள்ள ஆளே இல்ல! மதில் இடிக்கிற வண்டி இன்னும் நாலு செய்யணும். எல்லாத்தையும் இங்க தள்ளுங்க! எல்லாத்தையும்!”

“இதோ” என்றாள். பாதி போயிற்று. மீதியை அனுப்பக் கையை வைத்தவளின் கண், பழக்கதோஷம், மூலைக்குப் போயிற்று. நடுவுலவனின் இருப்பு அங்கே தெரிந்தது. கல் ஒன்றும் இல்லை. மரம் ஒன்றும் இல்லை. தானியம் ஒன்றும் இல்லை. இரண்டாவது கோபுரம் எரிந்துகொண்டிருந்தது. அவனுடைய எறும்பளவு ஆட்கள் கையில் சுத்தியலோடு, செய்ய ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அவன் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூச்சல் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். இரண்டு பேருடைய கூச்சலையும் கேட்டுக்கேட்டு அவள் காது காய்த்துப் போயிருந்தது. வாய்விட்டுக் கேட்காமல் ஒருவன் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்கு ஒருநாளும் பழக்கமில்லை. விரல் அதுவாக நகர்ந்தது.

‘பெரியவர் கல் அனுப்பினார்.’

மூவர் திரையிலும், சுவரிலிருந்த பெரிய திரையிலும் அந்த வரி ஓடியது. பின்னாலேயே மரமும் போயிற்று. நடுவுலவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கல்லால் நடுவுலவனின் கோட்டை கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது, அவ்வளவுதான். அங்கே ஆற்றுக்கு அப்பால், நாலு வண்டி வேண்டிய இடத்தில் இரண்டுதான் வந்தது. கதவு விழவில்லை. எதிரி பாதிப்படையைத் திருப்பிக் கொண்டுவந்து, கதவுக்கு முன்னால் குவிந்திருந்த குதிரைகளை வாரிக்கொண்டு போனான். பிறகு இடதுபக்கமும் விழுந்தது. கடைசியில், படையே இல்லாத அண்ணியின் வயல்களுக்குள் எதிரிகள் நிதானமாக நடந்து வந்தார்கள்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தையற்கார அம்மாள், எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் தட்டிவிட்டு, யார் ஜெயித்தது என்று வாத்தியாரைக் கேட்டாள்.

அண்ணி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாள். இப்போது கத்துவான். ஏன் அனுப்பல, யாருக்கு அனுப்புனீங்க என்று கூரை பறக்கக் கத்துவான். கத்தட்டும். கத்தினால், நடுவுலவன் பதிலுக்குக் கத்துவான். கத்துகிற வேகத்தில் உண்மையும் வெளியே வந்துவிடும்.

கடைக்குட்டி கத்தவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“பரவாயில்ல அண்ணி. கேம்தான.”

பிறகு, வழியில் போகிற யாரைப் பற்றியோ சொல்வதுபோல, “முன்னாடியே கேட்டு வெச்சிருந்தாரு போல. அவருக்கு அவரு செவுருதான் முக்கியம்” என்றான்.

நடுவுலவன் ஹெட்போன் ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி மேஜைமேல் வைத்தான். மூன்று பேரும் ஒரே பேருந்தில்தான் வந்தார்கள். “நீங்க உக்காருங்க”, “பரவாயில்ல, நீங்க உக்காருங்க” என்று இருக்கைக்கு மரியாதை பரிமாறிக்கொண்டார்கள். அன்றைக்கு இரண்டாம் மாடியில் சத்தமே இல்லை. தையற்கார அம்மாள் மிஷினை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தைக்கவேண்டியதைத் தைத்தாள்.

மறுநாள் காலையில் அண்ணி கடைக்குட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று விடாமல் சொன்னாள்: சமையலறை, தட்டு, கேட்காமல் எரிகிறேன் என்றது, ஒரு கல்கூட வேண்டாம் என்றது. “நான்தாண்டா கெடுத்தேன். அவரு வாயத் திறந்து கேக்கவே இல்ல. உனக்காக நின்னாருடா. சத்தியமா.”

அவன் முழுவதும் கேட்டான். ஷூ நாடாவைக் கட்டியபடி, அன்போடு, நிஜமான அன்போடு சிரித்தான்.

“ஹீட்டர் போட்ட மாதிரிதான அண்ணி?”

“இல்லடா! இது நிஜம்டா!”

“நீங்க நல்லவங்க அண்ணி. எங்க ரெண்டு பேரையும் ஒட்ட வெக்கத்தான பாக்குறீங்க. விடுங்க. எனக்கு யார்மேலயும் கோவம் இல்ல.” அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அவள் நடுவுலவனிடம் போனாள். “நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க தம்பி. உங்க வாயால.”

“இப்ப சொன்னா தோத்ததுக்குச் சாக்கு மாதிரி இருக்கும் அண்ணி. ஜெயிச்சிருந்தா சொல்லவே வேண்டியிருந்திருக்காது.”

“என் கை ஏன் அப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியல.”

“எனக்குத் தெரியும்.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்ககிட்ட போய் அனுப்பாதீங்கன்னு கேட்டேன் பாருங்க.”

அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதனால்தான் அவளுக்கு அது உறைத்தது. அத்தனை நாளும் அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லாததையெல்லாம் தான்தான் கொடுப்பதாக நினைத்திருந்தாள். ஒரே ஒருநாள், ஒருவனிடம் இன்னொருவனுக்குக் கொடுக்க ஒன்று இருந்தது. அதைக் கொடுக்கவிடாமல் குறுக்கே கையை நீட்டியது அவள்தான்.

எதிர்வீட்டுக்கு அந்த வாரமே ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் குடிவந்துவிட்டார். அதற்கு முன் வீட்டைப் பார்க்க அண்ணி சாவி வாங்கக்கூடப் போகவில்லை.

குறித்த தேதியில் கடைக்குட்டியின் கல்யாணம் நடந்தது. நடுவுலவன் வந்தான், கல்யாணக்கூடத்தின் லிஃப்ட் மக்கர் செய்தபோது கோட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சரிசெய்து கொடுத்தான், மேடைக்கு வந்து கைகுலுக்கினான். தம்பி, “தேங்க்ஸ்” என்றான். அவ்வளவு சுத்தமான கைகுலுக்கலை அந்தக் கட்டிடத்தார் யாரும் பார்த்ததில்லை. மறுநாள் ரயிலில் நடுவுலவன் வெளியூர் வேலைக்குப் போனான். கடைக்குட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனான். இரண்டு பேருமே தனித்தனியாக வந்து, “எங்கூட வந்துடுங்க அண்ணி” என்று மனதாரக் கூப்பிட்டார்கள். அவள் யாரோடும் போகவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில், ஒரு வார்டு நர்ஸோடு சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொண்டாள். மூத்தவரின் கம்ப்யூட்டரை நர்ஸின் மகள் பாடம் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நடுவுலவன் இரண்டு வருஷம் கழித்து அந்த ஊரிலேயே, புருஷனைப் பிரிந்த ஒரு பள்ளிக்கூட நூலகரைக் கல்யாணம் செய்துகொண்டான். தம்பி போகவில்லை, லேபில் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினான். கண்ணாடிக்கடைப் பெண்தான் கைக்குழந்தையோடு அண்ணியையும் அழைத்துக்கொண்டு போய்வந்தாள். குழந்தையை நடுவுலவன் கீழே இறக்கவே விடவில்லை என்று திரும்பிவந்து கடைக்குட்டியிடம் சொன்னாள்.

தையற்கார அம்மாளின் மகளுக்குப் போன மாதம் கல்யாணமாயிற்று. அந்த இரண்டாம் மாடி வீட்டில் இப்போது அவள்தான் குடியிருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் மெதுவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். கீழே ஒன்றும் கேட்பதில்லை.